படிக்காசு

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட பத்தாங் பெர்ஜுந்தைக்கு அப்பால், ரப்பர் மரங்கள் ஒவ்வொரு நிரையாகச் சாய்ந்து செம்பனை கன்று கன்றாக வந்துகொண்டிருந்த காலத்தில், நான் வளர்ந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை கணக்கு வாசிப்பது வழக்கம். பந்தல் பாதி பிரிந்து கிடக்கும். தோரணத்து மாவிலை காய்ந்து சுருண்டிருக்கும். லயத்து வீடுகளிலிருந்து ஆணும் பெண்ணும் பாயோ பலகையோ எடுத்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் கோயில் பொருளாளர், பால்மரம் சீவும் ஒரு தொழிலாளி, நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டைப் பிரித்துச் சூடம் இவ்வளவு, வாழைத்தார் இவ்வளவு, உடுக்கைக்காரருக்கு இவ்வளவு, பூசாரி தட்சிணை இவ்வளவு என்று வாசித்துக்கொண்டே வருவார். ஒரு வருஷம் அந்த வரிசையில், ஊர்வலத்துக்குப் போலீஸ் பெர்மிட் எடுக்க டவுனுக்குப் போய்வந்த பஸ் காசு இரண்டு வெள்ளி நாற்பது காசும், அன்று வேலைக்குப் போகாததால் விடுபட்ட ஒரு நாள் சம்பளமும் சேர்ந்து ஒரு வரியாக வந்தது. முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், குரலை உயர்த்தாமலே, “ஆத்தா வேலைக்குக் கூலியா தம்பி?” என்று கேட்டார். பொருளாளர் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பஸ் காசும் அந்தக் கோட்டுக்கடியில் போயிற்று.

அடுத்த வருஷம் அவர் பொறுப்பை ஏற்கவில்லை; மரம் சீவுகிற வேறு எவரும் ஏற்கவில்லை; தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர் ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர், கைசுத்தமானவர், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை, கடையுள்ளவரும் லாரியுள்ளவரும் தவிர ஒரு கூலித் தொழிலாளி அந்த நோட்டைக் கையில் எடுத்ததை நான் பார்த்ததில்லை.

பொதுக்காரியம் செய்கிறவனுக்கு ஊதியம் தரலாமா, தந்தால் எவ்வளவு தரலாம், அந்த அளவை யார் நிர்ணயிக்க வேண்டும் என்ற கேள்வி, சட்டசபைகளுக்கும் மன்றங்களுக்கும் உரிய கணக்கு விவகாரம் போலத் தோன்றினாலும், அதன் வேர் அந்தப் பெரியவரின் கேள்வியில்தான் இருக்கிறது. அவர் கருமி அல்லர். தொண்டு வேறு, கூலி வேறு, இரண்டும் கலந்தால் தொண்டு கெட்டுப்போகும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு நம் சமயத்திலும் இலக்கியத்திலும் ஆதாரம் குறைவில்லை. ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், உலகத்துக்குச் செய்யும் உபகாரத்தை மழையோடு ஒப்பிட்டுக் கைம்மாறு என்ற எண்ணத்தையே அதிலிருந்து விலக்கிவிட்டார். கீதையின் நிஷ்காம கர்மத்தை அறியாத இந்துக் குடும்பம் தோட்டத்திலும் இராது.

ஆயினும் கீதை பலனில் வைக்கும் பற்றைத்தான் விடச் சொல்கிறது. பசியை விடச் சொல்லவில்லை. அதே கீதையின் மூன்றாவது அத்தியாயத்தில், வேள்வி செய்தபின் எஞ்சியதை உண்பவர்கள் பாவத்திலிருந்து விடுபடுகிறார்கள் என்றும், பெற்றுக்கொண்டு திருப்பித் தராமல் அனுபவிப்பவன் திருடன் என்றும் பொருள்படும் இரு சுலோகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. யக்ஞசேஷம் என்ற இந்தக் கருத்தைப் பொதுப்பணியின் ஊதியத்துக்குப் பொருத்திப் பார்த்தால், ஊர்க்காரியம் செய்பவன் உண்ணவே கூடாது என்ற முடிவுக்கு வர முடியாது. ஊருக்கு ஆனபின், ஊருக்கு இட்டதின் மிச்சத்தில், ஊரார் கண்முன் உண்ண வேண்டும் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. பூசாரிக்குத் தட்சிணை கொடுத்தோம், உடுக்கைக்காரருக்குச் சம்பாவனை கொடுத்தோம். அதனால் பூசை கெட்டுவிட்டதென்று ஒருவரும் சொல்லவில்லை. பொருளாளருடைய ஒரு நாள் மட்டும் ஏன் கோட்டுக்கடியில் போக வேண்டும்?

இந்த விஷயத்தில் என் மனத்தைத் தெளிவித்தது பெரிய புராணத்தில் வரும் திருவீழிமிழலைச் சம்பவம். அப்பரும் ஞானசம்பந்தரும் அந்தத் தலத்தில் தங்கியிருந்தபோது பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடக்கூடாதென்று இறைவன் இருவருக்கும் கனவில் தோன்றி, கோயிலின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் நாளுக்கொரு பொற்காசு வைப்பதாகச் சொன்னார். அவ்வாறே காசு வந்தது. இருவர் மடங்களிலும் அன்னம் நடந்தது. இதற்குப் படிக்காசு என்று பெயர். ஆனால் அப்பருடைய மடத்தில் அடியார்கள் நேரத்துக்கு உண்டு எழ, சம்பந்தருடைய மடத்தில் மட்டும் பந்தி தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது சமைப்பவர்கள் சொன்னார்கள்: கடைவீதியில் அப்பர் பெற்ற காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள், நம் காசுக்கு மட்டும் வாசி கேட்கிறார்கள், அதாவது மாற்றுக் குறைவென்று பிடித்தம் கேட்கிறார்கள், அதைப் பேசித் தீர்ப்பதில் நேரம் போகிறது என்று. அப்பர் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிக் கையால் தொண்டு செய்தவர். அதனால் அவருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்கிறார் சேக்கிழார். பின்பு சம்பந்தர் பதிகம் பாடி வாசி நீங்கிய காசு பெற்றார்.

இதைப் பக்தியோடு படிக்கிறவர்கள் பலர். இதிலுள்ள நிர்வாக தர்மத்தையும் ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். தொண்டருக்குக் காசு தருவதை இறைவனே இழுக்காகக் கருதவில்லை. தொகை எவ்வளவு என்று வாங்கியவர்கள் சொல்லவில்லை, கொடுத்தவர் நிர்ணயித்தார். காசு ரகசியமாகக் கைக்குள் வைக்கப்படவில்லை. ஊரறியப் பீடத்தின் மேல் வைக்கப்பட்டது. அது போய்ச் சேர்ந்த இடம் பெற்றவருடைய பெட்டியன்று, பந்தி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே தொகையில் இருவர் பெற்ற காசுகளில் ஒன்று செல்லும், ஒன்று பிடித்தத்தோடுதான் செல்லும் என்ற நுட்பம் இருக்கிறதே, அதைத்தான் நம் காலத்துப் பிரதிநிதிகளின் ஊதிய விவாதத்தில் எவரும் தொடுவதில்லை. தொகையைப் பற்றியே பேசுகிறோம். காசின் மாற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

தோட்டத்துச் சரித்திரத்தில் மாற்றுக் குறைந்த காசு எது என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கங்காணி, அந்நாளில் லயத்துக்கு ராஜா. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து தன் ஜனங்களை அழைத்து வந்தவர், பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டவர், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முன்னால் நின்றவர். ஒரு வகையில் அவரே அன்றைய உள்ளூர்ப் பிரதிநிதி. அவருக்குச் சம்பளத்தோடு தலைக்காசும் உண்டு. தன் கும்பலில் அன்றன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இரண்டு காசு போலத் தோட்ட நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது. காய்ச்சலில் கிடந்தவனைக் கங்காணி ஏன் எழுப்பி அனுப்பினார் என்பதற்கு அவருடைய குணத்தில் காரணம் தேட வேண்டாம். அவருடைய ஊதியம் அமைந்திருந்த விதத்திலேயே காரணம் இருக்கிறது. ஜனங்கள் அவரை ஐயா என்றார்கள், ஆனால் அவர் கையில் காசு வைத்தவர் துரை. 1938-இல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தபோது ஆள்திரட்டும் கங்காணியின் காலம் முடிந்தது. யார் கையிலிருந்து காசு வருகிறதோ அந்தக் கையை நோக்கித்தான் மனம் திரும்பும் என்ற நியதி அவரோடு முடிந்துபோய்விடவில்லை.

சரி, காசே வேண்டாம், கௌரவமே போதும் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? நம் முன்னோர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறித்த குடவோலைச் சாசனங்களை ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். மகிழத்தக்கதுதான். முப்பது குடும்புகள், அதாவது வட்டங்கள்; முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கவே கூடாது, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவன் மறுபடி வரக்கூடாது. கணக்கில் இவ்வளவு கண்டிப்பை இன்றைய சட்டங்களில்கூட நான் காணவில்லை. ஆனால் அதே சாசனத்தின் முதல் தகுதியை நாம் மேடையில் சற்று வேகமாக வாசித்துவிடுகிறோம்: கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் கற்றவனுக்கு நில அளவில் சலுகை உண்டு. நிலமே இல்லாதவனுக்குக் குடத்தில் ஓலை இல்லை. நிலத்தின் விளைச்சலில் வீட்டில் அடுப்பெரிகிறவன் மன்றத்தில் போய் உட்காரலாம். உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலிருப்பவன் உட்கார முடியாது. எங்கள் கோயிலில் பென்சில் கோடு சொன்னதும் இதே விதிதான்.

கௌரவத்துக்கு இன்னொரு தோஷமும் உண்டு. முதல் மாலையும் பரிவட்டமுமே கூலியாக வாங்கியவனுக்கு அந்தக் கூலி ஒருநாளும் போதாது. காசுக்கு ஓர் அளவுண்டு, மரியாதைக்கு அளவில்லை. ஆகவே முப்பது வருஷம் ஒரே நாற்காலியில் இருந்தும் இறங்க மனம் வராமல், இறக்கியவர்களைப் பகைத்துக்கொண்டு, ஒரே தோட்டத்தில் இரண்டு கோயில் கமிட்டி உண்டாக்கியவர்களை நாம் அறிவோம். இங்கிலாந்தில் 1838-இல் சாசனக்காரர்கள் என்ற தொழிலாளர் இயக்கம் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்று கேட்டது பேராசையால் அன்று. நெசவாளியும் சுரங்கத் தொழிலாளியும் அந்தச் சபைக்குள் கால் வைக்க வேறு வழியில்லை என்பதால். எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1911-இல்தான் ஆண்டுக்கு 400 பவுன் என்று அது நிறைவேறியது.

இனி எதிர்ப்பக்கம். 2013 நவம்பர் இறுதியில் சிலாங்கூர் சட்டமன்றம் தன் உறுப்பினர்களின் ஊதியத்தைத் தானே உயர்த்திக்கொண்டது. சட்டமன்ற உறுப்பினருக்கு மாதம் 6,000 வெள்ளியாக இருந்தது 11,250 ஆயிற்று. மந்திரி புசாருக்குப் பதினாலாயிரத்துச் சொச்சமாக இருந்தது 29,250 ஆயிற்று. அந்த அரசாங்கத்தின் தலைவர் காலிட் இப்ராஹிம், முன்பு கத்ரி தோட்ட நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவர். 2008-இல் நம் ஈஜோக் தொகுதியில் வென்றுதான் மந்திரி புசார் ஆனவர். அதே 2013-ஆம் வருஷம் ஜனவரியில்தான் தீபகற்ப மலேசியாவில் முதன்முதலாகக் குறைந்தபட்ச ஊதியம் அமலுக்கு வந்தது. அது மாதம் 900 வெள்ளி. வருஷத் தொடக்கத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்குத் தொள்ளாயிரம். வருஷக் கடைசியில் அவனுடைய பிரதிநிதிக்குப் பதினோராயிரத்து இருநூற்றைம்பது.

உயர்த்தியவர்களுடைய வாதத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஊதியம் குறைந்தால் லஞ்சம் வளரும் என்றார்கள். திறமையுள்ளவர்கள் வரமாட்டார்கள் என்றார்கள். தொகுதிச் செலவு கையைக் கடிக்கிறது என்றார்கள். கடைசிக் காரணம் முழு உண்மை, அதில் குற்றவாளிகள் நாம். திருவிழா வந்தால் நன்கொடைப் புத்தகத்தோடு சேவை மையத்தின் வாசலில் நிற்கிறோம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை, சாவுக்கு மாலை, கல்யாணத்துக்கு மொய் என்று எல்லாவற்றுக்கும் சட்டமன்ற உறுப்பினரிடம் கை நீட்டிவிட்டு, அவர் சம்பளம் கூடும்போது மட்டும் வயிற்றெரிச்சல் படுவது நியாயமாகாது. பிரதிநிதியைத் தர்மப் பிரபுவாக்கிய பாவம் நம்முடையது. ஆனால் இந்த வாதங்களெல்லாம் தொகைக்குச் சமாதானம் ஆகலாம். முறைக்குச் சமாதானம் ஆகா. பீடத்தில் காசு வைக்கிறவனும் எடுக்கிறவனும் ஒருவனே என்றால் அது படிக்காசு ஆகாது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருபத்தேழாவது திருத்தம் என்று ஒன்றுண்டு: பிரதிநிதிகளின் ஊதிய மாற்றம், இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகே அமலுக்கு வரலாம் என்பது அதன் சாரம். 1789-இல் முன்மொழியப்பட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கிடந்து 1992-இல் நிறைவேறியது. தாமதமானாலும் அது தர்மமான விதி. தீர்மானித்தவன் அனுபவிப்பதற்கு முன் ஜனங்கள் ஒரு முறை குறுக்கே நிற்க முடிகிறது. இந்தியாவில் 1931-ஆம் வருஷக் கராச்சிக் காங்கிரஸ், அரசாங்க ஊழியனுக்குச் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாதென்று தீர்மானித்தது. 1937-இல் ராஜாஜி சென்னையில் பதவியேற்றபோது காங்கிரஸ் மந்திரிகள் அந்த ஐந்நூறையே பெற்றார்கள். பதவி கைக்கு வருமுன் பேசிய பேச்சு அது. அதனால்தான் அதற்கு மாற்றுக் குறையவில்லை.

சட்டமன்ற உறுப்பினரையாவது நாம் வாக்களித்து அனுப்புகிறோம். அவருக்குக் கீழே, நம் வீட்டு வாசலுக்கு மிக அருகில், சாக்கடையும் குப்பையும் தெருவிளக்கும் யாருடைய பொறுப்பில் இருக்கின்றனவோ அந்த நகராண்மைக் கழக உறுப்பினரை அனுப்புவது யார்? நம் மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் ஒரு காலத்தில் இருந்தது. 1951-இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கியது. அந்த மாநகரத்தின் முதல் மேயராக ஒரு தமிழர், டி. எஸ். ராமநாதன், அமர்ந்தார். இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவரும் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். ஊர்தோறும் சாட்சியம் கேட்டு, ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் வேண்டும் என்று அவர் குழு பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அதை ஏற்காமல் தேர்தல் விதிகளையே செல்லாதவையாக்கி, எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் என்று வைத்தது. 2010-இல் பினாங்கும் சிலாங்கூரும் தேர்தல் நடத்தித் தரும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டு மறுக்கப்பட்டன. பினாங்கு தானே இயற்றிய சட்டமும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

ஆகவே கோலசிலாங்கூரில் மன்ற உறுப்பினர்களுக்கு வழங்கும் படித்தொகை, புக்கிட் ரோத்தான் கடைக்காரரும் ஜெராம் மீனவரும் கட்டுகிற வரியிலிருந்து வந்தாலும், அதைப் பெறுகிறவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தவர்கள் அவர்கள் அல்லர், கட்சி. பெறுகிறவர்களில் உத்தமர்கள் இருக்கிறார்கள், இரவு பத்து மணிக்கு அடைபட்ட கால்வாயைப் பார்க்கக் குடையோடு வந்தவரை நானறிவேன். அவர் பெற்ற காசுக்கும் வாசி இருக்கிறது. அது அவர் குற்றமில்லை. கங்காணியின் தலைக்காசில் இருந்த அதே வாசி, கைக்குக் கை மாறி இங்கும் வந்திருக்கிறது. தொகை நியாயமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் கொடுப்பவர்கள். கொடுப்பவர்களுக்கு வாக்கில்லாத இடத்தில் ஐந்நூறும் அதிகம், ஐயாயிரமும் குறைவு, எதையும் நியாயமென்று சொல்ல அளவுகோலே இல்லை.

மேரி, மின்யாக், நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் ஜனங்கள் ஒரு வீட்டுக்காகப் பல்லாண்டுகள் அலைந்த கதை இந்த வட்டாரத்தில் தெரியாதவரில்லை. அந்த அலைச்சலில் முன்னால் நின்றவர்கள் எத்தனை நாட் சம்பளத்தை இழந்திருப்பார்கள், எத்தனை முறை மாவட்ட அலுவலகத்து நாற்காலியில் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பார்கள் என்பதை எந்த நோட்டும் எழுதி வைக்கவில்லை. மன்றத்தில் உட்கார வேண்டியவர்கள் அவர்களே. குலை வெட்டுகிறவருடைய மகளோ, லாரி ஓட்டுகிறவரோ மூன்றாண்டு வேலையை விட்டு வந்து உட்கார்ந்தாலும் வீட்டில் அரிசி குறையாத அளவுக்கு ஊதியம் இருக்கட்டும்; அந்த அளவு, அதே மாவட்டத்தில் ஒரு தொழிலாளி ஈட்டுவதோடு கட்டப்பட்டிருக்கட்டும், அவன் கூலி ஏறும்போது இதுவும் ஏறட்டும்; அதை மன்றத்துக்கு வெளியே ஒரு குழு நிர்ணயிக்கட்டும்; நிர்ணயித்தது அடுத்த தேர்தலுக்குப் பின் நடப்புக்கு வரட்டும்; வருஷத்துக்கொரு முறை, பஸ் காசு உட்பட, ஜனங்கள் முன்னால் வாசிக்கப்படட்டும்.

சிலாங்கூர் சட்டமன்றத்தில் நம் வாக்கில் அமர்ந்திருப்பவர்களை நான் கேட்டுக்கொள்வது இது: மறுமுறை ஊதியச் சட்டத்தைத் திறக்கும்போது உங்கள் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தை உங்கள் கையிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள், ஊராட்சித் தேர்தலுக்காக 2010-இல் எழுதிய கடிதத்தை மறுபடி எழுதுங்கள். வாசகர்களைக் கேட்டுக்கொள்வது அதைவிடச் சிறியது. உங்கள் கோயிலிலோ, பள்ளிப் பெற்றோர் சங்கத்திலோ இந்த வருஷக் கணக்கு வாசிக்கும்போது, வேலையை விட்டுவிட்டு உங்களுக்காக டவுனுக்குப் போய்வந்தவருடைய ஒரு நாள் சம்பளம் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லையென்றால், நீங்களே எழுந்து நின்று எழுதச் சொல்லுங்கள்.